சூரியனருகே தோன்றும் ஒளிப்பொருட்கள்

சூரியனருகே தோன்றும் ஒளிப்பொருட்கள் என்பவை, சூரியனை ஆராயும் விண்கலங்கள் எடுக்கும் படங்களில் சூரிய வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ வளையங்களாகவோ காணப்படும் ஒளி மிகுந்த உருவங்கள் ஆகும். கோள்கள், விண்மீன்கள், வால்வெள்ளிகள், அண்டக் கதிர்கள், விண்கலத்திலிருந்து உதிரும் துகள்கள், படத்தை அனுப்புவதிலும் செம்மைப்படுத்துவதிலும் நேரும் குறைகள் ஆகியன இவற்றுக்குக் காரணங்களாகும். இப்படங்கள் இணையத்தில் உடனுக்குடன் வெளியிடப்படுவதால், இவ்வுருவங்களை அறியப்படாத கோள் என்றும் வேற்றுலகக் கலம் என்றும் கூறும் வதந்திகள் அவ்வப்போது எழுவதுண்டு. ஓர் ஒளிப்பொருள் இன்னதென்பது ஒரு படத்தில் அது கொண்டுள்ள தோற்றத்தால் அன்றி, அடுத்தடுத்த படங்களில் அது நகரும் முறையாலேயே பெரும்பாலும் முடிவு செய்யப்படுகிறது.

வரலாறு

சூரியனின் பேரொளியால் அதன் அருகிலுள்ள மங்கலான பொருட்கள் மறைக்கப்படுகின்றன. எனவே முற்காலத்தில் அவற்றை விடியலுக்குச் சற்று முன்னரும் அந்திக்குச் சற்றுப் பின்னரும் அடிவானத்தில் தேட வேண்டியிருந்தது. முழுச் சூரிய கிரகணம் மற்றொரு வாய்ப்பாகும். மே 17, 1882 அன்று எகிப்தில் காணப்பட்ட கிரகணத்தின்போது, அதுவரை யாரும் அறியாத ஒரு வால்வெள்ளி சூரியனுக்கு அருகில் காணப்பட்டது.

புதுச்சேரியில் 1689

இவ்வகை உற்றுநோக்கலில் புதுச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு. ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் சியாம் நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். அங்கு 1688 இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்திற்குப் பின் அவர் புதுச்சேரிக்கு வந்தார். டிசம்பர் 1689 இல், சூரியனை நெருங்கிச் சென்று திரும்பிய ஒரு வால்வெள்ளியை அவர் தொலைநோக்கி வழியாகக் கவனித்துவந்தார். அப்போது ஆல்பா செண்டாரி விண்மீன் ஒன்றல்ல, அருகருகே உள்ள இரண்டு என்பதைக் கண்டார்.

டிசம்பர் மாதத்தில் ஆல்பா செண்டாரி புதுச்சேரியில் விடியலுக்கு முன் தென்கிழக்கு அடிவானத்தில் எழுகிறது. நகரின் கடற்கரை கிழக்கு நோக்கி இருப்பதால் அதை அங்கிருந்து இன்றும் காணலாம். இவ்விரு விண்மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. ரிஷோ தேடியது வால்வெள்ளியை. கண்டறிந்தது இரட்டை விண்மீனை. ஒரு பொருளைப் பின்தொடர்பவர், அதன் பின்னணியில் உள்ள விண்மீன்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு ஆகும்.

கருவிகள்

கிரகணத்திற்காகக் காத்திராமல், தொலைநோக்கிக்குள்ளேயே சூரிய வட்டை ஒரு தகட்டால் மறைக்கும் கொரோனாகிராப் என்னும் கருவியை 1930 அளவில் பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ உருவாக்கினார். இது ஒரு செயற்கைக் கிரகணம் எனலாம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் இணைந்து டிசம்பர் 2, 1995 அன்று ஏவிய சோகோ விண்கலத்தில் லாஸ்கோ என்னும் கொரோனாகிராப் தொகுதி பொருத்தப்பட்டது. இக்கலம் பூமியிலிருந்து சூரியனை நோக்கி ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றி நிறுத்தப்பட்டது. தொகுதியின் சி2 கருவி சூரியனின் மையத்திலிருந்து ஏறத்தாழ 6 சூரிய ஆரம் வரையிலும், சி3 கருவி ஏறத்தாழ 30 சூரிய ஆரம் வரையிலும் உள்ள பகுதியைப் படம் பிடிப்பவை. சி2 படங்களின் செம்மஞ்சள் நிறமும் சி3 படங்களின் நீல நிறமும் செயற்கையாக ஏற்றப்பட்டவை. நடுவில் உள்ள இருண்ட வட்டு மறைப்புத் தகடு ஆகும்; அதனுள் வரையப்பட்டுள்ள வெண்வட்டம் சூரியனின் உண்மையான அளவைக் குறிக்கிறது.

ஒளிப்பொருட்களின் வகைகள்

விண்மீன்கள்: வடக்கு மேலாக அமைந்த படங்களில் விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் இடமிருந்து வலமாக நகரும். பூமியுடன் சேர்ந்து விண்கலமும் சூரியனைச் சுற்றுவதே இதற்குக் காரணம். ஆண்டுதோறும் மே மாதத்தின் பிற்பகுதியில் கார்த்திகை விண்மீன் கூட்டம் சி3 படங்களில் சூரியனுக்கு மேற்புறமாகக் கடந்து செல்லும். பஞ்சாங்கத்தில் சூரியன் கார்த்திகையில் நிற்பதாகக் குறிக்கப்படும் அக்கினி நட்சத்திர நாட்கள் ஏறத்தாழ இக்காலமே ஆகும். பகல் வெயிலில் ஒருபோதும் காணவியலாத இக்காட்சியைக் கொரோனாகிராப் நேரடியாகக் காட்டுகிறது. இவ்வாறே ஆகத்து மாதத்தில் மகம் விண்மீன் தென்படும்.

கோள்கள்: புதனும் வெள்ளியும் சூரியனுக்கு அப்பால் செல்லும்போது வலமிருந்து இடமாகவும், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது இடமிருந்து வலமாகவும் நகரும். வியாழனும் சனியும் விண்மீன்களைப் போல இடமிருந்து வலமாகச் செல்லும். கோளின் மிகுந்த ஒளியால் ஒளியுணரியின் படவணுக்களில் மின்னூட்டம் நிரம்பிப் பக்கவாட்டில் வழிகிறது. இதனால் கோளின் இருபுறமும் கிடைக்கோடு தோன்றி, அது வளையம் கொண்டது போலவோ பறக்கும் தட்டு போலவோ தெரிகிறது. அக்கோடு கோளின் உறுப்பு அன்று. கருவியின் இயல்பு ஆகும்.

அண்டக் கதிர்கள்: மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஒளியுணரியை நேரடியாகத் தாக்கும்போது புள்ளியோ கோடோ பதிவாகும். இது ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்கும். அடுத்த படத்தில் அதே இடத்தில் இராது. வலிமையான சூரிய வெடிப்புகளுக்குப் பின் இத்தகைய புள்ளிகள் பெருகிப் படம் முழுவதும் பனி பொழிவது போலக் காணப்படும்.

துகள்களும் தரவுக் குறைகளும்: விண்கலத்திலிருந்து உதிரும் நுண்துகள்கள் கருவிக்கு மிக அருகில் இருப்பதால், குவியம் பெறாமல் வளையங்களாகவோ பட்டைகளாகவோ தோன்றும். தரவின் ஒரு பகுதி வந்து சேராவிடில் படத்தில் சதுர வடிவக் கட்டங்கள் உண்டாகும்.

வால்வெள்ளிகள்: பல படங்களில் தொடர்ச்சியாக, சீரான பாதையில், சூரியனை நெருங்க நெருங்க விரைவு கூடிச் செல்லும் மங்கலான பொருள் வால்வெள்ளியாக இருக்கலாம். சோகோ படங்களில் காணப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கிரொய்ட்சு குழுவைச் சேர்ந்தவை. இவை முற்காலத்தில் உடைந்த ஒரு பெரிய வால்வெள்ளியின் துண்டுகள் எனக் கருதப்படுகிறது. பெரும்பாலானவை சூரிய வெப்பத்தில் அழிந்துவிடும். டிசம்பர் 2011 இல் லவ்ஜாய் வால்வெள்ளி சூரியனின் ஒளிவட்டத்தினூடே சென்று மீண்டும் வெளிப்பட்டது வியப்பளித்த நிகழ்வாகும்.

அடையாளம் காணும் முறை

1. ஐயத்திற்குரிய பொருள் முந்தைய, பிந்தைய படங்களிலும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒரே படத்தில் மட்டும் இருப்பின் அது அண்டக் கதிராக இருக்கவே வாய்ப்பு மிகுதி.
2. நகரும் திசையையும் விரைவையும் அளந்து, விண்மீன்களின் நகர்வோடு ஒப்பிட வேண்டும்.
3. அந்நாளில் அவ்விடத்தில் இருக்க வேண்டிய கோள்களையும் விண்மீன்களையும் வான் வரைபட மென்பொருளில் சரிபார்க்க வேண்டும்.
4. அதே நேரத்தில் மற்றொரு கருவி எடுத்த படத்தையும் காண வேண்டும். வானில் உண்மையாகவே உள்ள பொருள், அப்பகுதியை நோக்கும் போதிய உணர்திறன் கொண்ட பிற கருவிகளிலும் பதிவாகும்.

சூரியனை வெறுங்கண்ணாலோ, தகுந்த வடிப்பான் இல்லாத தொலைநோக்கியாலோ நோக்கி இதைச் சோதிக்க முயலுதல் கூடாது. பார்வை நிலையாக இழக்கப்படலாம்.

வதந்திகளும் விளக்கங்களும்

மே 2000 இல் கோள்கள் ஒரே பக்கமாகத் திரள்வதால் பேரழிவு நேரும் என்ற அச்சம் பல நாடுகளில் பரவியது. அம்மாதத்தில் புதன், வெள்ளி, வியாழன், சனி ஆகிய நான்கும் சி3 படத்தில் ஒருங்கே தோன்றின. அஞ்சப்பட்ட அழிவு எதுவும் நேரவில்லை. வானியல் ஆர்வலர்களுக்கு அரிய படம் ஒன்று கிடைத்தது.

டிசம்பர் 2011 இல் நாசாவின் ஸ்டீரியோ விண்கலப் படத்தில் புதனுக்கு அருகில் திடீரென ஓர் உருவம் தோன்றியது. மறைந்திருந்த விண்கப்பல் சூரியப் புயலால் வெளிப்பட்டது என ஒரு காணொளி கூறியது. மங்கலான சூரியப் பொருள் உமிழ்வைத் தெளிவாகக் காட்டுவதற்காக, முந்தைய நாள் படங்களிலிருந்து கணிக்கப்பட்ட பின்னணி ஒளி கழிக்கப்படுவது வழக்கம். முந்தைய நாள் புதன் இருந்த இடத்தில் அக்கழித்தலின் எச்சமே உருவமாகத் தோன்றியது என்று அறிவியலாளர்கள் விளக்கினர்.

தன்னார்வலர்களின் பங்கு

சோகோ படங்கள் அனைவருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், தொழில்முறை வானியலாளர் அல்லாதோரும் அவற்றை ஆராய்ந்துவருகின்றனர். மார்ச் 2024 இல் இக்கலத்தின் படங்களில் கண்டறியப்பட்ட வால்வெள்ளிகளின் எண்ணிக்கை 5,000 ஐ எட்டியது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தன்னார்வலர்களால் கண்டறியப்பட்டவை. இதற்குக் கணினி, இணைய இணைப்பு, பொறுமை ஆகியவை போதுமானவை. ஒவ்வொரு அறிக்கையும் பிறரால் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஏற்கப்படுகிறது. வதந்தியும் கண்டுபிடிப்பும் ஒரே படங்களிலிருந்தே பிறக்கின்றன. இச்சரிபார்ப்பே அவற்றை வேறுபடுத்துகிறது.

இந்தியாவின் பங்கு

செப்டம்பர் 2, 2023 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், சனவரி 6, 2024 அன்று எல்1 புள்ளியைச் சுற்றியுள்ள பாதையை அடைந்தது. இதிலுள்ள கொரோனாகிராப் கருவியைப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கியது. சூரியனின் விளிம்பை ஒட்டி, 1.05 முதல் 3 சூரிய ஆரம் வரையிலான பகுதியைக் காண்பதற்காக இது வடிவமைக்கப்பட்டது. லாஸ்கோவின் மறைப்புத் தகட்டிற்குள் அடங்கிவிடும் உட்பகுதியையும் இக்கருவியால் ஆராய இயலும்.