யார் வைத்தால் குற்றம்? காட்டுத்தீயின் சட்ட வரலாறு

காடு எரிந்தால் முதல் பழி பழங்குடிகள் மீதுதான் விழுகிறது. இந்தப் பழி சட்டத்தால் உருவாக்கப்பட்டது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடை தொடங்கும் முன்பே சருகுக்குத் தீ வைப்பார்கள். அவர்கள் மொழியில் அது 'தரகு பெங்கி', அதாவது சருகு நெருப்பு. காடு முழுதாகக் காயாத பருவம் என்பதால் தீ தரையோடு தவழ்ந்து அணையும். புதர் அடங்கும், புல் துளிர்க்கும், பெரிய மரங்கள் பிழைக்கும்.

1864இல் வனத்துறையை அமைத்த ஆங்கிலேய அரசுக்குக் காடு என்பது மரக்கட்டை வருவாய். 1878 வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. 1927 சட்டத்தின் 26ஆம் பிரிவு அதையே தொடர்ந்தது. 1974இல் அந்த மலை சரணாலயமானபின் சோளகர்களின் தீ நின்றுபோனது.

தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள் சோளகர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட புதர் அது. அடர்ந்து காய்ந்த அந்தப் புதர் பற்றினால் தீ கிளைவரை ஏறும். புவி வெப்பமாகி வறட்சி கடுமையாகும்போது ஆபத்து இன்னும் பெருகும்.

2006 வன உரிமைச் சட்டம் காட்டை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தருகிறது. சோளகர்களின் சமூக வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் தீ இன்னும் துறையின் கையில். வனத்துறை எரித்தால் அது தீத்தடுப்புக் கோடு. சோளகர் எரித்தால் குற்றம்.

தோழர்களே, கருவியைப் பறித்துவிட்டு நிர்வாக உரிமை தந்தோம் என்பதை நாம் எப்படி ஏற்பது?