திரையும் கார்டும் லினக்ஸும்: ஒரு சிறு வரலாறு

எல்சிடி திரை ஒன்றை வாங்கி லினக்ஸ் கணினியில் மாட்டினால் இன்று பெரும்பாலும் படம் தானாகவே வந்துவிடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் அப்படியில்லை. அந்தத் திரைக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு ஒத்துவரும் என்று தேடுவதே தனி வேலை! கோளாறு எங்கே இருந்தது? சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் இணைப்பு. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, பழைய குழாய்த் திரைகளுக்காக உருவானது. அதில் செல்வது அனலாக் சமிக்ஞை. தட்டைத் திரையோ ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாகவே கேட்கும். விஜிஏ வழியே இணைத்தால் கார்டு எண்ணை அலையாக மாற்ற வேண்டும். திரை அதை மறுபடி எண்ணாக மாற்ற வேண்டும். இதில் எழுத்துகளின் கூர்மை குறையும். எனவே நேரடி டிஜிட்டல் இணைப்பு தேவைப்பட்டது.

ஆனால் ஆளுக்கொரு வழி போனார்கள். 1998-ல் வந்த எஸ்ஜிஐ நிறுவனத்தின் 1600 எஸ்டபிள்யூ திரைக்குத் தனி இணைப்பு. டிஎஃப்பி என்று 20 ஊசி இணைப்பு ஒன்றும் இருந்தது. கடைசியில் 1999 ஏப்ரலில் இன்டெல், சிலிக்கான் இமேஜ், ஐபிஎம் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து டிவிஐ தரத்தை வெளியிட்டன. சரி, பிரச்சினை தீர்ந்தது என்கிறீர்களா? லினக்ஸில் தீரவில்லை!

ஏனென்றால் துளை பொருந்தினால் மட்டும் போதாது. கார்டுக்குள் எதை எப்படி இயக்குவது என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். அந்த விவரம் கார்டு செய்தவர்களின் கையில். மேட்ராக்ஸ் தன் கார்டுகளின் விவரங்களில் பலவற்றை வெளியிட்டது. ஆனால் ஜி450 போன்றவற்றின் டிஜிட்டல் வெளியீட்டுக்கு மூலநிரல் இல்லாத ஒரு கோப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. என்விடியா மூடிய டிரைவரைக் கொடுத்தது. நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் அந்த கார்டு வைத்திருப்பவர் அதோடு நிற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளியதும் இதே போன்ற குறைதான். எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1983-ல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார்.

அந்த ஸ்டால்மன் நம் நாஞ்சில் நாட்டுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறார். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை நமக்குத் தலைநகராக இருந்தது திருவனந்தபுரம். அங்கேதான் 2001 ஜூலை 20-ல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அவரும் கலந்துகொண்டார்.

தமிழ்நாட்டில் 2007 முக்கியமான ஆண்டு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வாண்டே வெளிவந்தது. பின்னர் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் மாணவர் கைக்கும் வந்தது. அரசு எதைத் தேர்ந்தெடுத்தாலும், திரையில் படம் வராவிட்டால் மாணவன் கார்டு நிறுவனத்தைத் திட்டமாட்டான். லினக்ஸே சரியில்லை என்றுதான் சொல்வான்.

அதே 2007 செப்டம்பரில்தான் திருப்பம் வந்தது. ஏடிஐ நிறுவனத்தை முந்தைய ஆண்டு வாங்கியிருந்த ஏஎம்டி, ரேடியான் கார்டுகளின் உள்விவர ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றை வைத்து முதல் டிரைவரை எழுதியவர்கள் யார் தெரியுமா? எல்காட் தேர்ந்தெடுத்த அதே சூசேயின் பொறியாளர்கள்! 2009-ல் லினக்ஸ் கருவே திரையின் அளவை அமைக்கும் வசதி இன்டெல் சில்லுகளுக்கு வந்தது. என்விடியா கார்டுகளை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய நூவோ 2010-ல் கருவில் சேர்ந்தது. என்விடியா தன் டிரைவரின் கருப் பகுதியைத் திறக்க 2022 மே வரை ஆயிற்று.

ஆக, பூட்டு இருந்தது துளையில் அல்ல, ஆவணத்தில். பொருளைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும் அது எப்படி இயங்குகிறது என்பதை நிறுவனம் மறைத்தால், அந்தப் பொருள் முழுதாக நம்முடையதா? அடுத்த முறை கார்டு வாங்கும்போது விலையோடு இதையும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே!