ஏடும் ஆட்டப் பேழையும்

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியின் ஓரத்தில், பெரும்பாறைகளின் நடுவே அமைந்துள்ளது அலுவிகாரை. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது மரபு. அதற்கு முன்னர் அந்நூல் துறவியரின் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்தது. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய நாளில், ஓதுவோர் மறைந்தால் ஓதப்படுவதும் மறையுமே என்ற அச்சம் எழுந்தது. அவ்வச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது.

கலம் மாறும்போது அதனுள் இருந்த பொருள் என்னாகும்? ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்வினா, இக்காலச் சிறுவர் கையிலுள்ள விளையாட்டுக் கருவிக்கும் பொருந்துவதாகும். பழைய கருவிக்கென ஆக்கப்பட்ட ஆட்டம் புதிய கருவியிலும் இயங்குவதைப் பின்னோக்கிய இணக்கம் என்பர்.

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1989ஆம் ஆண்டு கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. ஆட்டங்கள் சிறு பேழைகளில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டன. 1998இல் வந்த வண்ணத்திரைக் கருவி பழைய பேழைகளையும் ஏற்றது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் முற்றிலும் வேறான செயலியைக் கொண்டது. ஆயினும் பழைய ஆட்டங்களுக்காகப் பழைய வகைச் செயலியொன்றும் அதனுள்ளே வைக்கப்பட்டிருந்தது. செருகப்படும் பேழையின் வடிவத்தைக் கொண்டே, பழையதா புதியதா என்பதைக் கருவி அறிந்துகொண்டது. புதுமனை கட்டியவன் முதியோருக்கென ஓர் அறை ஒதுக்கியதை ஒத்தது இச்செயல்.

அவ்வறை நெடுநாள் நிலைக்கவில்லை. 2004இல் வந்த டிஎஸ் கருவி அட்வான்ஸ் ஆட்டங்களை மட்டும் ஏற்றது. முதற் கேம் பாயின் ஆட்டங்களைக் கைவிட்டது. 2008இல் வந்த டிஎஸ்ஐ கருவியிலோ அட்வான்ஸ் பேழைக்குரிய துளையும் நீக்கப்பட்டது. சோனி நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட வீட்டா கருவியும், அதற்கு முந்திய கருவியின் வட்டுகளை ஏற்கவில்லை. புதிய உறுப்பொன்றைச் சேர்த்தால் விலை ஏறும், கருவி பருக்கும், மின்கலம் விரைவில் தீரும் என்பன இவ்வாறு கைவிடுதற்குரிய காரணங்களுள் சில. 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் தனக்கு முந்திய கையடக்கக் கருவிகளின் பேழைகளை ஏற்கவில்லை. ஆனால் 2025இல் வந்த சுவிட்ச் 2, சுவிட்ச் ஆட்டங்களுட் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. பழைய செயலியை உள்ளே வைக்காது, பழைய கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துக்கொள்வது அதன் வழி.

இஃது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தியன்று. பழைய பேழைகள் பலவற்றுள், ஆடுவோன் எய்திய நிலையைக் காப்பது ஒரு சிறு மின்கலமே. அது தீர்ந்தால் அக்காப்பும் அழியும். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 3டிஎஸ் கருவிக்குரிய இணையக் கடை மூடப்பட்டதோடு, அங்கு மட்டும் விற்கப்பட்ட ஆட்டங்களை வாங்கும் வழியும் அடைபட்டது. அவ்வாண்டே வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையிற் கிடைப்பதில்லை எனக் கண்டது. ஆக்கியோரின் உழைப்பும், ஒரு தலைமுறையின் இளமை நினைவும் அவற்றோடு மறைகின்றன.

ஏட்டுக்கும் இவ்வாறே ஊறு நேர்ந்தது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் நூற்களஞ்சியம் அழிந்தது. எனினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பிற விகாரைகளிலும் பிற நாடுகளிலும் இருந்தன. தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி எழுதும் கலையும் கைவிடப்படவில்லை. இன்றும் அங்கு செல்வோர் அதனைக் கண்ணாரக் காணலாம். ஓலை படியெடுப்போருக்குத் தடை சொல்லவில்லை. ஆட்டங்களுக்கோ பதிப்புரிமைச் சட்டம் காவல் நிற்கிறது. உரிமையாளர் இசைந்தாலன்றி ஒரு நூலகமும் அவற்றை எளிதில் வழங்கவியலாது.

ஆதலால் பின்னோக்கிய இணக்கம் வணிகர் தரும் சலுகை மட்டுமன்று. ஒரு காலம் அடுத்த காலத்துக்குக் கையளிக்கும் பொறுப்புமாகும். கலம் எதுவாயினும், படிப்பதற்கு ஒரு கருவியும் படியெடுப்பதற்கு ஒரு கையும் உள்ளவரைதான் பழையது வாழும்.