மாயர் கணக்கும் படக்காட்சிப் புதிர்களும்

பேரேட்டின் கடைசிப் பக்கம் நிரம்பினால் அடுத்த பேரேட்டைத் திறப்பது எழுத்தர் வழக்கம். ஏடு முடிந்தது என்பதற்காக ரயில் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. இச்சிறு உண்மையை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க எமக்கு ஒரு நாள் வாய்த்தது. அது 2012ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள். மாயர் நாட்காட்டி அன்றோடு முடிகிறது, ஆதலின் உலகமும் முடியும் என்ற பேச்சு நம் காலனியிலும் உலவியது. ரோலண்ட் எம்மரிக் இயக்கி 2009இல் வெளிவந்த ‘2012’ என்னும் படத்தைக் கண்டிருந்த சிறுவர் சிலர் அன்றிரவு உறங்க அஞ்சினர். யாம் இரவுப் பணியில் இருந்தோம். பொழுது விடிந்தது. மூடுபனியில் சற்றே தாமதித்தாலும் வண்டிகள் வந்து சேர்ந்தன.

அச்சம் நீங்கியபின் ஒரு கேள்வி எஞ்சியது. இம்மாயர் என்போர் யாவர்? படக்காட்சிகள் அவரைப்பற்றிக் கூறுவனவற்றுள் மெய் எது?

மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதியிலும் குவாத்தமாலா, பெலிஸ் நாடுகளிலும், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளின் மேற்குப் பகுதிகளிலும் வாழ்ந்து நகரங்கள் கண்ட மக்களே மாயர். ஏறத்தாழக் கி.பி. 250 முதல் 900 வரை அவர்தம் நகரங்கள் பல சிறந்து விளங்கின. இரும்புக் கருவியோ வண்டியிழுக்கும் விலங்கோ இன்றிச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, டிக்கால் நகரில் 60 மீட்டருக்கும் உயர்ந்த கோயிலை எழுப்பினர். மழைநீரைத் தேக்கினர். அந்நகரின் தேக்கம் ஒன்றில் நீரைத் தெளிவிக்கச் சியோலைட்டு என்னும் கனிமத்தைப் பயன்படுத்தினர் என்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவர்தம் எண்முறை இருபதை அடியாகக் கொண்டது. சுழியத்திற்கும் தனிக்குறி இருந்தது. 1,44,000 நாள்கள் கொண்ட காலப்பகுதியைப் ‘பக்துன்’ என்பர். பதின்மூன்று பக்துன் சேர்ந்தால் 18,72,000 நாள்கள். அஃதாவது 5,125 ஆண்டுகளுக்குச் சற்று மேல். கி.மு. 3114இல் தொடங்கிய அச்சுற்று 2012 டிசம்பரில் நிறைவுற்றது. அவ்வளவே செய்தி. மெக்சிகோவிலுள்ள பலெங்கே நகரக் கல்வெட்டு ஒன்று, கி.பி. 4772ஆம் ஆண்டில் வரும் ஒரு நாளையும் குறிக்கின்றது. உலகம் 2012இல் முடியும் என்று நம்பியவர் அதற்கப்பாலுள்ள நாளைக் கல்லில் பொறிப்பரோ?

அதே பலெங்கேயில் 1952இல் ஆல்பெர்த்தோ ரூஸ் என்னும் ஆய்வாளர், பக்கால் என்ற அரசனின் கல்லறையைத் திறந்தார். கல்லறை மூடியில் உலகமரத்தினடியில் சாய்ந்த நிலையில் அரசன் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. எரிக் ஃபான் டேனிக்கன் என்பார் இதனை விண்கலம் ஓட்டுபவன் என்றார். அவரது நூலைத் தழுவி 1970இல் வந்த படம், இத்தகைய கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆயின் அம்மூடியின் விளிம்பிலேயே எழுத்து உண்டு. பக்கால் 603இல் பிறந்து 683இல் இறந்தான் என்பதை அது தெரிவிக்கின்றது. விளிம்பைப் படியாதவர்க்கே நடுவிலுள்ளது விண்கலமாயிற்று.

எழுத்தைப் படிக்க இயலாமற் போனதற்கும் காரணம் உண்டு. 1562இல் மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயர் ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியவை நான்கே. அவற்றுள் ஒன்றில் வெள்ளிக்கோளின் 584 நாள் சுழற்சியும் கிரகணக் கணக்கும் உள்ளன. ரூஸ் கல்லறை திறந்த அதே 1952இல், யூரி க்னோரோசோவ் என்னும் ரஷ்ய அறிஞர், அவ்வெழுத்துகளில் ஒலிக்குறிகள் உண்டென்று காட்டி அவற்றைப் படிக்க வழி திறந்தார். ஏடெரித்த லாந்தா எழுதி வைத்த குறிப்பே அதற்கு உதவியது என்பது வியப்பு.

மெல் கிப்சனின் ‘அப்போகலிப்டோ’ (2006) மாந்தரை யுக்காட்டெக் மாய மொழியிலேயே பேசவைத்தது, அது பாராட்டத்தக்கது. ஆயின் ஒன்பதாம் நூற்றாண்டளவில் தென்னகரங்கள் வீழ்ந்ததையும், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்ததையும் ஒரு கதைக்குள் கலந்து, கொடுமையையே பெரிதாக்கிக் காட்டியது. கணக்கரும் தச்சரும் உழவரும் அதில் காட்சிக்கு வரவில்லை.

நம்மவரிலும் சிலர், இதிகாசத்து மயனையும் இம்மாயரையும் பெயரொலி ஒன்றையே கொண்டு ஓரினமாக்கிப் பேசுவர். ஒலி ஒத்தல் வரலாற்றுச் சான்று ஆகாது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயர் அங்கேயே கல்லில் உள்ளது. அதனை விண்ணவர் கட்டினர் என்று எவரேனும் படமெடுத்தால் நாம் பொறுப்போமா? புதிர் என்று புகழுமிடத்தில் உழைத்தவன் பெயர் மறைகின்றது. நமக்கு வேண்டாத அந்தச் சிறுமையைப் பிறர்க்கும் நாம் செய்தல் கூடாது.

மாயர் மறைந்து போனவரும் அல்லர். பல இலட்சம் பேர் இன்றும் ஏறத்தாழ முப்பது மொழிகள் பேசி வாழ்கின்றனர். ஹைரோ புஸ்தமான்தே இயக்கிய ‘இஷ்கானுல்’ (2015) என்னும் குவாத்தமாலாப் படம் அவருள் ஒரு குடும்பத்தைக் காட்டுகின்றது. எரிமலையடிவாரத்துக் காப்பித் தோட்டத்துப் பெண் நகர மருத்துவமனைக்கு வருகிறாள். அவளும் பெற்றோரும் அறிந்தது கக்சிக்கேல் மொழி. அங்கே வழங்குவது ஸ்பானியம். இடைநின்று மொழிபெயர்ப்பவன் உள்ளதை உள்ளவாறு சொல்லவில்லை. அதன் துயரை அக்குடும்பமே சுமக்கின்றது. ஊர்விட்டு வந்த புதிதில், மொழியறியாது மருத்துவமனை வாயிலில் நின்ற நம் பெற்றோர்க்கு இக்காட்சியை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆதலின் அன்பர்களே, நம் பிள்ளைகள் புதிர்ப் படங்களைக் காணட்டும்; தடுக்க வேண்டா. கண்டு வந்தபின் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இதனைச் செய்தவர் யார்? அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று என்ன மொழி பேசுகின்றனர்? இவ்விரண்டையும் கேட்கப் பழகிய பிள்ளை, தன் பாட்டனாரைப்பற்றியும் ஒருநாள் கேட்கும்.