பூனைக் கதவு

வீட்டில் வளரும் பூனை, மனிதர் எழுந்து வந்து தாழ் நீக்கும் வரை காத்திராமல், தன் விருப்பப்படி உள்ளே வரவும் வெளியே போகவும் இயலுமாறு, வாயிற்கதவின் அடிப்பாகத்திலோ சுவரிலோ கண்ணாடியிலோ துளையிட்டு, அத்துளையின் மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிடப்படும் சிறு மடலுக்குப் பூனைக் கதவு என்று பெயர். பூனை தலையால் முட்டும்போது மடல் ஒதுங்கி வழிவிடும். பூனை கடந்ததும் மடல் தன் கனத்தினாலும் கீழ்விளிம்பில் பதித்த காந்தத்தின் ஈர்ப்பினாலும் பழைய நிலையில் வந்து நின்றுவிடும். ஐரோப்பாவில், அதிலும் விசேஷமாக இங்கிலாந்தில், சமையலறைக்குப் பின்புறமுள்ள கதவுகளில் இதைச் சர்வசாதாரணமாகக் காணலாம்.

வரலாறு

பூனை மனிதனை அண்டி வாழத் தலைப்பட்டதற்குக் காரணம் மனிதன் சேமித்த தானியமும், அத்தானியத்தை நாடி வந்த எலியுமே ஆகும். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகம்போஸ் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதச் சவக்குழி ஒன்றின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. அத்தீவு பூனையினத்துக்கு இயற்கையான இருப்பிடம் அன்றாகையால், மனிதரே அதைக் கடல் கடந்து கொண்டு சென்றனர் என்பது தெளிவு. இவ்வாறு களஞ்சியத்தின் காவலாக வந்த பிராணிக்குக் களஞ்சியத்தினுள் நுழைய வழி வேண்டியிருந்தது. அதற்காகக் கதவைத் திறந்து வைத்தாலோ களவுக்கும் மழைக்கும் இடமாயிற்று. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே பிறந்ததுதான், கதவு சாத்தியபடி இருக்க, அதன் அடியில் பூனை மட்டும் புகத்தக்க துளை ஒன்றை வெட்டி வைக்கும் வழக்கம். ஸ்பெயின் நாட்டுக் கிராமங்களிலே பழைய வீடுகளின் கனத்த மரக்கதவுகளில் இத்தகைய துளைகளை இன்றும் காணலாம். அவற்றுக்கு மடல் கிடையாது.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஆங்கிலக் கவிஞர் சாஸர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய கான்டர்பரிக் கதைகளுள், மாவு அரைப்பவன் சொல்லும் கதையில், தச்சன் வீட்டில் குடியிருக்கும் மாணவன் ஒருவன் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, எவ்வளவு தட்டியும் குரல் கொடாமல் இருக்க, வேலையாள் கதவின் கீழ்ப்பலகையில் பூனை வந்துபோகும் துளை வழியாக உள்ளே நோக்கி நிலைமையை அறிகிறான். அத்துளை அங்கே இருப்பதற்குக் கவிஞர் காரணம் கூற முற்படாமையால், அக்காலத்தவர்க்கு அது பழகிய பொருளாகவே இருந்திருக்க வேண்டும்.

நாள் குறித்துச் சொல்லத்தக்க பூனைத் துளைகளுள் புகழ்பெற்றது, இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள எக்ஸிட்டர் பேராலயத்தில் இருக்கிறது. ஆலயத்தின் வடபுறக் கிளைக்கூடத்தில், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வானியற் கடிகாரம் ஒன்று உயரே அமைந்திருக்க, அதன் கீழே, கடிகாரத்தின் உட்பாகத்துக்குச் செல்லும் பழைய மரக்கதவொன்று உள்ளது. அக்கதவின் அடிப்பாகத்தில், வட்டமாக வெட்டப்பட்டு, மடலோ மூடியோ இல்லாத துளையை வருவோர் எவரும் குனிந்து பார்க்கலாம். கடிகாரத்தின் கயிறுகளுக்குப் பூசிய விலங்குக் கொழுப்பைத் தின்ன எலிகள் மொய்த்தமையால், அவற்றை அடக்கவே பூனைக்கு இவ்வழி செய்யப்பட்டது. 1598இல் வில்லியம் காட்டன் ஆயராக அமர்ந்த காலத்தில் தச்சரைக் கொண்டு துளை வெட்டுவித்த செய்தி ஆலயக் கணக்கில் பதிவாகியுள்ளது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1305 முதல் 1467 வரை, காவலருக்கும் பூனைக்குமாக மூன்று மாதத்துக்கு 13 பென்னி வீதம் கொடுக்கப்பட்டு வந்ததும் அக்கணக்குகளால் தெரிகிறது. காவலரோடு ஒரே வரியில் பூனைக்கும் படியளந்த அந்த நிர்வாகிகள், அதனை ஆலயத்தின் ஊழியருள் ஒருவராகவே மதித்தனர் என்பது எண்ணிப் போற்றத்தக்கது.

பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் ஸர் ஐஸக் நியூட்டன் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. இருட்டறையில் ஒளி பற்றிய பரிசோதனைகள் நடத்துகையில் பூனை அடிக்கடி கதவைத் தள்ளி வெளிச்சத்தை உள்ளே விட்டமையால், அவர் தாய்ப்பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சிறிய துளையும் இடுவித்தார் என்பர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்த ரைட் என்பவர் 1827இல் வெளியிட்ட நூலில், அத்தகைய இரு துளைகளின் அடையாளம் கதவில் இருப்பதாகவும் எழுதினார். ஆனால் 1680களில் நியூட்டனுக்கு உதவியாளராக அவருடனேயே வாழ்ந்த ஹம்ப்ரி நியூட்டன், அவர் தம் அறையில் நாயோ பூனையோ வைத்திருக்கவில்லை என்று எழுதி வைத்துள்ளமையாலும், சாஸரின் கதை நியூட்டன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டதாகையாலும், இக்கதை கட்டுக்கதையே. பூனைக் கதவைத் தோற்றுவித்தவர் யார் என்பது அறியப்படவில்லை.

குளிர் மிகுந்த நாடுகளில் திறந்த துளை வீட்டின் வெப்பத்தைக் கடத்திவிடுமாகையால், பிற்காலத்தில் துளைக்கு மடல் வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மலிந்தபின் அது தொழிற்சாலையில் செய்து விற்கும் பண்டமாயிற்று. சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில், மாடிவீட்டுப் பூனைகளும் தம் விருப்பப்படி வந்துபோகும்பொருட்டு, தரையிலிருந்து சன்னல் வரை வெளிச்சுவரில் மரப்படிகள் அமைத்துக் கொடுப்பதும் வழக்கமாகும்.

வகைகள்

பூட்டும் முறையை ஆதாரமாகக் கொண்டு, இக்கதவுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பூட்டே இல்லாத ஊசல் மடல்; இது எந்தப் பூனைக்கும் வழிவிடும். இரண்டாவது, கையால் திருப்பும் தாழுடையது. உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இருபுறமும், முற்றிலும் மூடியது என நான்கு நிலைகளில் இதனை வைக்கலாம். மூன்றாவது, பூனையின் கழுத்துப் பட்டையில் தொங்கும் காந்தத்தால் தாழ் விடுபடுவது. வழியில் கிடக்கும் ஆணியும் தகரத் துண்டும் காந்தத்தில் ஒட்டிக்கொள்வதும், காந்தம் அணிந்த அயல்வீட்டுப் பூனைக்கும் இது திறந்துவிடுவதும் இதன் குறைகளாகும். நான்காவது, பட்டையிலுள்ள சிறு கருவியின் அகச்சிவப்புக் கதிரால் திறப்பது. அக்கருவிக்குத் தனி பாட்டரி வேண்டும், பட்டை தொலைந்தால் கருவியும் தொலையும்.

ஐந்தாவதும் சிறந்ததும் மைக்ரோசிப் கதவு ஆகும். பூனையின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலடியில் மருத்துவர் செலுத்தும், அரிசிமணி அளவேயுள்ள சில்லில் 15 இலக்க எண் ஒன்று பதிந்திருக்கும். அச்சில்லுக்குள் மின்கலம் இல்லை. கதவின் சட்டத்திலுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே அது சக்தி பெற்றுத் தன் எண்ணைத் தெரிவிக்க, எண் கதவின் நினைவிலுள்ளதாயின் தாழ் விலகும். பூனையின் கழுத்தில் சுமை எதுவும் இல்லாமையும், திறவுகோல் ஒருநாளும் தொலையாமையும் இம்முறையின் பெருஞ்சிறப்புகள். இவ்வகையுள் பெரும்பாலானவை உள்ளே வரும் பூனையை மட்டுமே சோதிக்கும். ஒரு பூனையை வெளியே விட்டு மற்றொன்றை வீட்டிலேயே நிறுத்த விரும்புவோர், இருவழியும் சோதிக்கும் கதவையே நாட வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

வெளியே உலவுவதும் வேண்டும்போது மறைவிடத்துக்குத் திரும்புவதும் பூனையின் சுபாவமாகையால், வசதியுள்ள இடத்தில் அச்சுதந்திரத்தை அதற்கு அளிப்பதே தர்மம். இதற்கு மாறாக, பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் மிகுதி. வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூனையின் பருமன்: மைக்ரோசிப் கதவுகளில் வழி ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் இருப்பதுண்டு, நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு இது போதும், மெயின் கூன் போன்ற பேரினங்களுக்குப் போதாது. இரண்டு, அயற்பூனைகளின் தொல்லை: பிற பூனை வீட்டுக்குள் நுழைந்து சோற்றைத் தின்னும் இடத்தில், வீட்டுப் பூனை அச்சத்தால் அறைகளில் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கலாம். இதற்குத் தண்டனை பரிகாரமாகாது. அயற்பூனை புக முடியாத கதவே பரிகாரம்.

இடமும் பொருத்தும் முறையும்

திறந்த வெளியை நேரே நோக்கிய இடத்தைத் தவிர்த்து, வெளியே செடித்தொட்டி போன்ற மறைவு அமைந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுதல் நலம். கதவைக் கடந்த அக்கணத்தில்தான் பூனை எதிரிக்கு மிக எளிதில் அகப்படக்கூடிய நிலையில் இருக்கிறது. திருடன் துளை வழியே கைவிட்டு எட்டாதபடி, கதவின் பூட்டுக்கும் இதற்கும் போதிய தூரம் இருக்க வேண்டும். சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தலும் ஆகாது. அடுக்குமாடி வீட்டு வாயிலில் அமைந்த தீத்தடுப்புக் கதவைத் துளைத்தால் அதன் பாதுகாப்பே அழிந்துவிடுமாகையால், அதனைத் தொடலாகாது. வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதம் பெறுக.

அளவெடுப்பதே இவ்வேலையின் ஜீவநாடி. பூனை இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு வரையுள்ள உயரத்தை அளந்து, துளையின் கீழ்விளிம்பு அவ்வுயரத்துக்கு மேற்படாதவாறு கதவில் கோடிட வேண்டும்; வளர்ந்த பூனைக்கு இது பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வரும். குட்டிக்கும், மூட்டுவலியுள்ள கிழப்பூனைக்கும் இன்னும் தாழ்வாகவே வைத்தல் வேண்டும். வெளித்தரை உட்தரையைவிடத் தாழ்ந்திருப்பின் அங்கே ஒரு படி இடுவது அவசியம்.

மரக்கதவாயின், கதவோடு வரும் அளவுத்தாளைக் கோட்டின்மீது ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பென்சிலால் வரைந்துகொள்க. வரைந்த கட்டத்தின் நான்கு மூலைகளிலும் உட்புறமாக, ரம்பத்தின் அலகு நுழையுமளவு டிரில்லால் துளையிட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மின்ரம்பத்தால் மெல்ல அறுத்து வருக. நான்காம் பக்கம் முடியும் தறுவாயில் உட்துண்டு தொங்கி மரத்தைப் பிளக்கக்கூடுமாகையால், அதனைக் கையால் தாங்கிக்கொள்ள ஒருவர் உடனிருத்தல் நன்று. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நீர் ஏறாதிருக்க வர்ணம் பூசி உலர்ந்தபின், உட்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் இருபுறமும் வைத்துத் திருகாணியால் இணைக்க வேண்டும். அளவு மீறி முறுக்கினால் சட்டம் வளைந்து மடல் தட்டும். வெளிச்சட்டத்தைச் சுற்றி ஸிலிக்கோன் பூசுவது மழைநீரைத் தடுக்கும்.

பிளாஸ்டிக் கதவுகளில் நடுப்பலகையை மட்டுமே வெட்டலாம். இரும்பு உள்ளீடு பொதிந்த சட்டத்தை வெட்டலாகாது. உலோகக் கதவில் மைக்ரோசிப் கருவியின் அலை தடைப்படுமாதலின், பெரிய துளையிட்டு, உலோகத்திலிருந்து விலக்கி வைக்கும் சட்டத்தோடு பொருத்த வேண்டும். பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியையும் இரட்டைக் கண்ணாடியையும் பின்னர் துளைக்க இயலாது. வட்டத் துளையுடன் புதிதாகவே செய்து வாங்க வேண்டும். சுவரில் அமைப்போர், மின்கம்பியும் குழாயும் உள்ளே ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நீர் வடியுமாறு சுரங்கவழியை வெளிப்புறம் சற்றே சரித்து வைப்பது அவசியம்.

பழக்குதல்

புதிதாக வந்த பூனையை மூன்று நான்கு வாரம் வீட்டுக்குள் வைத்து, தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்தபின்பே வெளியே விட வேண்டும். தொடக்கத்தில் மடலை முழுவதும் தூக்கி ஒட்டிவைத்து, மறுபுறத்தில் அதற்குப் பிரியமான உணவைக் காட்டுக. பூனை அச்சமின்றிக் கடக்கத் தொடங்கியபின், நாள்தோறும் சிறிது சிறிதாக மடலை இறக்கி வருக. பூனையைப் பிடித்துத் துளைவழியே தள்ளுவது ஒருபோதும் கூடாது. ஒருமுறை தள்ளப்பட்ட பூனை பின்னர் அக்கதவை அணுக அஞ்சலாம். மைக்ரோசிப் கதவின் தாழ் எழுப்பும் ஓசைக்கும் தனியே பழக்குதல் வேண்டும். அந்தி முதல் விடியல் வரை கதவைப் பூட்டிப் பூனையை உள்ளே நிறுத்துவதால் சாலை விபத்தும் பறவைவேட்டையும் குறையும். மடலின் விளிம்பிலும் காந்தத்திலும் படியும் மண்ணையும் உரோமத்தையும் மாதந்தோறும் துடைத்து வந்தால் தாழ் சிக்காது.

இன்றைய நிலை

2022 ஜூலை முதல் ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில், அம்மாதம் முதல் பிறந்த பூனைகளை உரியவர் தம் எல்லைக்குள்ளேயே வளர்க்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பூனைக் கதவு வலையடைத்த முற்றத்துக்கு வழியாகப் பயன்படலாம். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் நிறைந்த வளர்ப்புப் பூனை ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசிப் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், மைக்ரோசிப் கதவுக்கு அங்கே தனித் திறவுகோல் தேவைப்படுவதில்லை.