வானத்தில் விட்ட மண்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே கரிசலில் நான் தனியாக நின்று கட்டிய முதல் வீடு ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், காசு நுழையும். அய்யாவும் கொத்தனார்தான். வந்து பார்த்தவர் சுவரைத் தொடவே இல்லை. “வானத்து மண்ண முழுசா அள்ளுனியால?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பேர். (வெளியூர் இன்ஜினியர் முதல் தடவை கேட்டால் மேலே பார்ப்பார்.) நான் மூன்றடியில் நிறுத்தியிருந்தேன்.

மலையடிவாரத்தில் செம்மண். ராஜபாளையத்திலிருந்து கிழக்கே போகப் போகக் கரிசல். ஐப்பசி மழையைக் குடித்து உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு ராசியான மண், சுவருக்கு எமன்.

அய்யா காலத்து வைத்தியம் ஒன்றுதான்: கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டு, ஓடை மணலோ சரளையோ கொட்டி, அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போடுவது. வண்டிக்கூலியே ஆளைச் சாய்த்துவிடும். இத்தனைக்கும் கரிசலுக்குள்ளேயே சுக்கான்கல் கிடக்கிறது. அதைக் காளவாசலில் சுட்டால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுவருக்கே கொடுத்தார்கள். மண்ணுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. முன்னோர்கள் அறியாதது எதுவுமில்லை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான்.

ராஜபாளையத்தில் 1936-ல் மில் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனி 1957-ல் பதிவானது. 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில் ஆலை ஓடியது. சுண்ணாம்புக்கல்தான் மறுபடியும், இந்தத் தடவை மூட்டையில். சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சிமெண்ட் சுவர் விறைத்து நின்று உடையும். கரிசலின் சேட்டை வெளியே நன்றாகத் தெரிந்தது அதன் பிறகுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸில் 1940களிலேயே ரோட்டுக்கு அடியில் களிமண்ணோடு சுண்ணாம்பைக் கலந்துவிட்டார்கள். நான் அதைக் கையால் தெரிந்துகொண்டது ஒரு ரோட்டு வேலையில். ஈரக் கரிசலைப் பிசைந்தால் விரலைவிட்டு வராது. நீற்றிய சுண்ணாம்பை ஒரு பிடி தூவிப் பிசைந்து, டீ குடித்துவிட்டு வந்து தொட்டேன்: புட்டுமாவு மாதிரி உதிர்ந்தது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்துகள்களைத் திரட்டிவிடுகிறது. தண்ணீருக்கு ஏங்குவது குறைகிறது. பிறகு மாதக்கணக்கில் களியிலுள்ள சிலிக்காவோடு கூடி மெல்ல இறுகும். நூறு கிலோ மண்ணுக்கு மூன்றிலிருந்து எட்டுக் கிலோ வரை போதும். ஆனால் சல்பேட் உப்புள்ள மண்ணில் கொட்டினால் வீங்கி மேலே தூக்கிவிடும். சோதிக்காமல் கலக்கக் கூடாது.

வீட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த, அடியில் குமிழ் வைத்த பைல். ஈரம் ஏறி இறங்காத பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் காலை ஊன்றிவிடும்.

என் முதல் வீட்டுக்காரர் அந்த விரிசல்மேல் தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டார். ஐப்பசியில் விரிசல் மூடிக்கொள்ளும். அய்யா இருந்தவரை சித்திரைக்குச் சித்திரை அங்கே போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார்.