தலையிட்டவர்களும் விலக்குப் பிடித்தவர்களும்

ஊரில் இரண்டு பேர் அடிபட்டால் மூன்றாவது ஆள் ஓடிப்போய் விலக்குப் பிடிப்பார். கூப்பிடாமல் அடுத்த வீட்டு விசயத்துக்குள் போகிறவரைப் பார்த்து "உனக்கேன் தேவையில்லாத வேலை?" என்று கேட்போம். பேப்பர்த் தமிழுக்கு வந்தால் இரண்டுமே "தலையீடு" தான். ஆங்கிலக்காரர் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். இன்ரர்வீன் லத்தீனில் இருந்து வந்தது, "இடையில் வருதல்" என்று பொருள். இன்ரர்ஃபியர் பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது. நடக்கும் குதிரை தன் ஒரு காலால் மற்றக் காலை அடித்துக்கொள்வதற்கும் அதையே சொன்னார்கள். செய்கிறவர் முதலாவது சொல்லைப் பாவிப்பார், பிடிக்காதவர் இரண்டாவதைப் பாவிப்பார். எங்கட வரலாற்றிலும் இப்படிச் சில வினைச்சொற்கள் இருக்கின்றன.

1987 ஜூன் 4. இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. டெல்லி அதை மனிதாபிமான உதவி என்றது. கொழும்பு இறைமை மீறல் என்றது. எட்டுக் கிழமைக்குள், ஜூலை 29 இல், ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். போர்நிறுத்தத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவும் அதை "என்ஃபோர்ஸ்" பண்ணவும் இந்தியப் படையை அழைக்கலாம் என்று அதன் இணைப்பில் இருந்தது. அந்தச் சொல்லுக்குள்ளேயே "ஃபோர்ஸ்" இருக்கிறது. சனம் பார்த்தது "அமைதிப்படை" என்ற பெயரைத்தான், மாலை போட்டு வரவேற்றது. ஒக்ரோபர் 10 இல் சண்டை தொடங்கியது. 21, 22 ஆம் திகதிகளில், தீபாவளி நேரம், யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளர், வைத்தியர், தாதியர் என்று 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கடைசி இந்தியச் சிப்பாய் 1990 மார்ச்சில்தான் கப்பல் ஏறினான்.

அடுத்தது நோர்வே. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டி "அனுசரணையாளர்" என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது. ஆங்கிலத்தில் அது ஃபசிலிற்றேற்றர், அதாவது காரியத்தைச் சுலபமாக்கி விடுகிறவர். மத்தியஸ்தர் தானே ஒரு தீர்வை வைத்து இரண்டு பக்கத்தையும் நெருக்கலாம். அனுசரணையாளர் மேசை போட்டுக் கொடுப்பார், கடிதம் கொண்டு போவார், அவ்வளவுதான். கண்காணிப்புக் குழுவுக்கோ ஆயுதமும் இல்லை, தடுக்கிற அதிகாரமும் இல்லை. மீறல்களை விசாரித்து எழுதினார்கள். 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தபிறகு சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் விலகினார்கள். 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையையே கைவிட்டது. நோர்வே ஏன் தடுக்கவில்லை என்று இன்றைக்கும் கோபப்படுகிறோம். அவர்கள் ஏற்றுக்கொண்ட வினைச்சொல்லில் தடுத்தல் இருக்கவேயில்லை!

"புரொடெக்ட்" எல்லாவற்றையும் விடக் கொடியது. ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலகம் காக்க வேண்டும் என்று 2005 இல் ஐ.நா. உச்சிமாநாட்டில் ஒத்துக்கொண்டார்கள். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, போகாதேங்கோ என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள் ஆகமுதல், 2009 மே 27 இல், ஜெனீவா மனித உரிமைப் பேரவை இலங்கையின் இறைமையை வலியுறுத்தி 29 க்கு 12 வாக்குகளால் தீர்மானம் போட்டது. 2012 இல் ஐ.நா.வின் சொந்த உள்ளக அறிக்கையே தாங்கள் தவறிவிட்டதாகச் சொன்னது.

2014 இல் பாண்டிச்சேரியில் இருந்து வந்த 157 தமிழரை அவுஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, கிட்டத்தட்ட ஒரு மாதம் ஒரு சுங்கக் கப்பலில் அடைத்து வைத்தது. சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். கப்பலின் பெயர் "ஓஷன் புரொடெக்டர்". அது சட்டப்படி சரி என்று அடுத்த ஜனவரியில் உயர் நீதிமன்றம் 4 க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது.

ஜெனீவாத் தீர்மானங்களில் இப்போது "வரவேற்கிறது", "ஊக்குவிக்கிறது" என்று வரும். பத்திரிகைத் தலைப்பில் அது "வெற்றி" ஆகிவிடும். 2015 இல் இலங்கையே சேர்ந்து கொண்டுவந்த தீர்மானத்தில் இருந்து 2020 இல் விலகிக்கொண்டது. யாராலும் என்ன செய்ய முடிந்தது?

நோர்த்மீட்டிலும் ருங்காபியிலும் வளரும் எங்கட பிள்ளைகளின் ஆங்கிலம் எங்களுடையதை விட எவ்வளவோ நல்லது. சிலர் சட்டமும் படிக்கிறார்கள். எங்களுக்காக அடுத்த கடதாசி எழுதப்படும்போது, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க முதல், அவர் என்ன செய்வதாக எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.